சுங்குடிச் சேலைக்குள் ராக்வூல்: எதிரொலியை அடக்கும் சுவர்ப் பலகை செய்யும் முறை

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டூடியோ. பத்தடிக்குப் பதினொரு அடி, உயரம் பத்தடி. பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. இப்படிப்பட்ட அறையில் எவ்வளவு விலை உயர்ந்த மைக் வைத்தாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் பதிவாகும். நமக்கு அது சின்ன எரிச்சல். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பதிவை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும், எதுவும் விளங்காது. அதற்காகத்தான், மரச் சட்டத்துக்குள் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்துச் சேலையால் போர்த்திய இந்தப் பலகைகளைச் செய்தேன். வீணை, வயலின் சொல்லிக்கொடுப்பவர்கள், ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள், வீட்டில் டப்பிங் பேசுபவர்கள் எல்லோருக்கும் இதே பலகை போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும், அவ்வளவுதான். தெருவில் போகும் ஆட்டோ ஹாரனையும், ஆடி மாதத்துக் கோயில் மைக்கையும், பக்கத்து வீட்டு மிக்சியையும் தடுக்காது. வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவு ஜன்னலும் வேண்டும். அது கட்டட வேலை. பஞ்சு போன்ற பொருள் எதுவும் அந்த வேலையைச் செய்யாது. யாராவது "சவுண்ட் புரூஃப்" என்று சொல்லி உங்களுக்கு ஸ்பாஞ்ச் ஷீட் விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிச் சத்தத்துக்கு நான் வைத்திருக்கும் வைத்தியம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாசிப்பது.

சுவரில் முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அந்த விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். அது மெல்லிய காகிதக் கூழ். உச்ச ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், மற்றபடி எதையும் உறிஞ்சாது. கரப்பான் பூச்சிக்கு மட்டும் நல்ல வீடு. கூம்பு கூம்பாக வெட்டிய ஓரங்குல ஃபோம் இதைவிடப் பரவாயில்லை என்றாலும், அதுவும் மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டுக் கீழ் ஸ்தாயியை அப்படியே விட்டுவிடும். குரல் தெளிவாகாது, மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். குத்துவிளக்கும் ஊதுபத்தியும் ஏற்றுகிற வீட்டுக்குள் என்ன ஃபோம் என்று தெரியாமல் அதைச் சுவர் முழுக்க ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

கனம்தான் காசு

ஒலி என்பது காற்றின் அசைவு. இழைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு பொருளுக்குள் காற்று முன்னும் பின்னும் ஆடும்போது உராய்ந்து, ஒலியின் சக்தி துளித்துளியாய் வெப்பமாகிப் போகிறது. ஆனால் சுவரை ஒட்டினாற்போல் காற்று அசையவே முடியாது, சுவர் அதை நிறுத்திவிடுகிறது. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 செ.மீ., அதில் கால் பங்கு எட்டரை செ.மீ. பெண் குரலின் அடித்தளம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அதன் அலைநீளம் 1.7 மீட்டர், கால் பங்கே 43 செ.மீ. ஆண் குரலுக்கு இன்னும் அதிகம்.

அரை அடிக்கு மேல் சுவரை அடைக்க யாருக்கும் இடமில்லை. ஆனாலும் கணக்கு சொல்வது தெளிவு: பலகை எவ்வளவு கனமோ (எடை இல்லை, தடிமன்), சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு கீழ் ஸ்தாயி வரை அது வேலை செய்யும். 50 மி.மீ. கனமுள்ள பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இன்னொரு 50 மி.மீ. தள்ளி மாட்டினால், காசு செலவில்லாமல் பலன் கூடுகிறது. காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை. அழகான துணி, வேலைப்பாடுள்ள சட்டம் இவற்றுக்குப் போகும் பணத்தைக் கனத்தில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

எத்தனை பலகை வேண்டும்

இதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசினால் ஐந்தரை வினாடிக்கு ஒலி அடங்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்குவார், ஓர் ஆர்கன் குழாயை ஊதி ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைப்பார். அவர் கண்டுபிடித்ததுதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று வரும். ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் முழுமையாக உறிஞ்சுவதாக வைத்து அதற்கு 1 என்று மதிப்பு. அந்த அலகுக்கு அவர் பெயரையே வைத்து 'சபின்' என்கிறார்கள்.

என் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். 1100 கன அடி, 0.049-ஆல் பெருக்கினால் 54. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 640 சதுர அடி. பூசிய சுவரும் டைல்ஸும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும், ஆகவே காலி அறையில் 19 சபின். 54-ஐ 19-ஆல் வகுத்தால் 2.8 வினாடி, சின்ன மண்டபத்தின் கணக்கு. கட்டில், மெத்தை, புத்தக அலமாரி, ஒரு மனுஷி எல்லாம் சேர்ந்தால் தோராயமாக 35 சபின், ஒன்றரை வினாடி. ஒரு பலகையின் முகம் ஆறரை சதுர அடி. பத்துப் பலகை மாட்டினால் பேச்சு ஒலியின் நடு ஸ்தாயியில் ஏறக்குறைய 58 சபின் கூடும். மொத்தம் 93, அரை வினாடியை நெருங்கிவிடும். வாசிப்புப் பதிவுக்கு 0.4-க்குக் கீழே வந்தால் நல்லது. ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை, தரையில் ஜமுக்காளம் என்று போட்டு மீதியைச் சரிக்கட்டலாம். தோராயக் கணக்குதான். ஆனால் ரெண்டு பலகை போதுமா, இருபது வேண்டுமா என்று முடிவெடுக்க இது போதும். இசை பயில்பவர்கள் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒலி முழுக்க வறண்டுவிட்டால் வாசிப்பவருக்கே கை ஓடாது.

வாங்க வேண்டியவை

உள்ளே வைக்க ராக்வூல் ஸ்லாப். ஹார்டுவேர் கடையில் தேடாதீர்கள். ஏசி டக்ட் வேலை செய்பவர்கள், ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள், பாய்லருக்கு இன்சுலேஷன் சுற்றுபவர்கள் இவர்களிடம் கேட்டால் கடையைச் சொல்வார்கள். ஒரு மீட்டருக்கு 600 மி.மீ. அளவில், 50 மி.மீ. கனத்தில், கட்டாக வரும். அடர்த்தி 48 அல்லது 64 கிலோ என்று கேளுங்கள். ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்று அர்த்தம். அதற்குக் குறைந்தால் தொய்ந்து போகும். 144 கிலோ வாங்கினால் விலைதான் கூடும், குரலுக்குக் கூடுதல் பயன் இல்லை. அலுமினியத் தாள் ஒட்டியது வேண்டாம். அந்தத் தாள் மேல் ஸ்தாயி ஒலியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

ராக்வூல் அரிக்கும். கையுறை, என்-95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை நான்கும் கட்டாயம். இது அஸ்பெஸ்டாஸ் மாதிரிதானே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட தொகுப்பில் இன்சுலேஷன் ராக்வூலையும் கிளாஸ்வூலையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்த முடியாதவற்றின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அதற்காக மூச்சில் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. மொட்டை மாடியில் வைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். தோலில் பட்டால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

ராக்வூலே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய குளியல் துண்டுகள் நல்ல மாற்று. அடுக்கடுக்காக மடித்து இரண்டங்குலம் வரும்வரை நிரப்பலாம். எடை கூடும், எலியும் பூச்சியும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தைக் கடையில் கிடைக்கும் ரப்பர் தோய்த்த தேங்காய் நார் ஷீட்டும் வேலை செய்யும். ஆனால் நார் தடிமனாக இருப்பதால் அதே பலனுக்குக் கனம் அதிகம் வேண்டும்.

சட்டத்துக்கு மரக்கடையில் மூன்றங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் (ஏறக்குறைய 18 மி.மீ.) பட்டியல் கட்டை இழைத்துத் தரச் சொல்லுங்கள். தேக்கெல்லாம் எதற்கு? சில்வர் ஓக், பைன், ரப்பர் மரம் எதுவானாலும் சரி, கோணாமல் இருந்தால் போதும். கூடவே ஓரங்குலச் சதுர ரீப்பர், இரண்டங்குல ஸ்க்ரூ, மரப்பசை, ஸ்டேப்ளர் கன், எட்டு மி.மீ. பின். சோபாவின் அடியில் அடிப்பார்களே, அந்த மெல்லிய நான்-ஓவன் துணி வெள்ளை நிறத்தில் கொஞ்சம்.

மேல் துணிக்குத்தான் சுங்குடிச் சேலை. மதுரைக்காரி வேறென்ன சொல்வாள்! ஆனால் இதில் காரணமும் இருக்கிறது. மேலே போர்த்தும் துணி வழியாக ஒலி தாராளமாக நுழைய வேண்டும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போனால் சரி. மெல்லிய பருத்தி இதில் தேறும். ரெக்சினும், கோட்டிங் கொடுத்த திரைத் துணியும் தேறாது. புதுச் சுங்குடியில் கஞ்சி நிறைய இருக்கும், அது நெசவின் கண்ணை அடைத்துவிடும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ரெண்டு மூன்று தண்ணீர் அலசி, காய்ந்ததும் தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டிக் கட்டி நைந்த பழைய சேலை என்றால் இந்த வேலையும் மிச்சம். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் நான்கு பலகைக்குத் துணி வரும்.

சட்டமும் போர்வையும்

ஸ்லாப் சட்டத்துக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். அதனால் உள் அளவை ஸ்லாபைவிட ஐந்து மி.மீ. குறைத்து, 995-க்கு 595 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் வந்த ஸ்லாபை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள், சில சமயம் சொன்ன அளவில் இருக்காது. குறுக்குப் பட்டியல் இரண்டும் 595, நெடுக்குப் பட்டியல் இரண்டும் 1031. நெடுக்கு, குறுக்கின் முனையை மூடுவதுபோல் வைத்து, பசை தடவி, மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ. முனை மரம் பிளக்கும், முன்கூட்டியே மெல்லிய பிட் போட்டு ஓட்டை எடுத்துவிடுங்கள். மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் போதும், சமமாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் ஆழம் 75 மி.மீ., ஸ்லாபின் கனம் 50. மீதி 25 மி.மீ. பின்பக்கம். அந்த இடத்தில் ரீப்பரை 595 நீளத்துக்கு வெட்டி இரண்டு குறுக்குக் கட்டையாக அடியுங்கள். ஒன்று மேலிருந்து நான்கு விரல் தள்ளி, இன்னொன்று கீழே அதே மாதிரி. ஸ்லாப் பின்னால் சரியாமல் இவை பிடித்துக்கொள்ளும், மேல் கட்டையிலேயே பலகையை மாட்டவும் செய்யலாம்.

எங்கள் கார்பென்டர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். "அக்கா, பின்னாடி ஒரு பிளைவுட் அடிச்சு விட்ருவமா? பாக்க ஃபினிஷிங்கா இருக்கும்."

"வேணாம் தம்பி. பின்னாடி காத்து போகணும்."

"அப்ப இது என்னக்கா, ஜன்னலா?"

நீங்கள் ஆள் வைத்துச் செய்தால் உங்களுக்கும் இந்தப் பேச்சு வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். பிளைவுட் அடித்தால் பின்னால் விட்ட இடைவெளி வீணாகிவிடும், எடையும் கூடும். நூல் வலை அல்லது அதே நான்-ஓவன் துணியை அடித்தால் போதும், தூசு கொட்டாது.

இனி போர்த்துவது. நான்-ஓவன் துணியை முன்பக்கம் விரித்து நான்கு பக்கமும் பின் அடியுங்கள். இழை வெளியே வராது, ராக்வூலின் பழுப்பு நிறமும் வெளிர்ச் சேலை வழியாகத் தெரியாது. அதன்மேல் சேலை. 129 செ.மீ. நீளம், 89 செ.மீ. அகலத்துக்கு வெட்டித் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். நெடுக்குப் பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப்பக்கம் துணியை இழுத்து ஒரு பின். பிறகு குறுக்குப் பக்கங்களின் நடுவில். அப்புறம் நடுவிலிருந்து மூலையை நோக்கி மாறி மாறிப் போங்கள், மூலையைக் கடைசியில் மடியுங்கள். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் புள்ளி வரிசை கோணலாகிவிடும். சுங்குடியில் அது கண்ணை உறுத்தும். ஜரிகைக் கரை நெருக்கமான நெசவு, அதை முகத்துக்குக் கொண்டு வராமல் பக்கவாட்டில் விடுங்கள்.

எங்கே மாட்டுவது

வீட்டில் செய்யும் பதிவுக்கு வாங்கும் மைக் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் கூர்மையாகக் கேட்பது. அது உங்களைப் பார்த்து நிற்கிறது என்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. அதனால் முதல் நான்கு பலகை அந்தச் சுவருக்கு. அடுத்தது உங்கள் முகத்துக்கு எதிர்ச் சுவர், ஏனென்றால் குரல் நேராகப் போய் மோதுவது அங்கேதான். மீதி பக்கச் சுவர்களில். உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ அந்த உயரத்தில் பலகையின் நடுப்பகுதி இருக்கட்டும். சாமி படம் மாதிரி மேலே தூக்கி மாட்டினால் பாதிப் பலன்தான். எதிரெதிர்ச் சுவர்களில் பலகைக்கு நேராகப் பலகை வராமல், வெற்றுச் சுவருக்கு நேராகப் பலகை வரும்படி மாற்றி மாற்றி மாட்டினால், கையைத் தட்டினால் 'ட்ர்ர்' என்று அதிருமே, அது குறைந்த பலகையிலேயே நின்றுவிடும். ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர்களுக்கு வேறு வழி: உட்காரும் இடத்தில் நீங்கள் இருக்க, ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பலகை.

ஒரு பலகை ஐந்து கிலோவுக்குள் இருக்கும். பின்பக்கம் நான்கு மூலையிலும் ஓரங்குல ரீப்பர்த் துண்டு ஒட்டிவிட்டால் சட்டம் சுவரிலிருந்து தள்ளி நிற்கும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் 25 மி.மீ. சேர்ந்து மொத்த இடைவெளி 50 ஆகிவிடும். சுவரில் பிளக் போட்டு மூன்றங்குல ஸ்க்ரூ இரண்டு, பாதி வெளியே நிற்கும்படி முடுக்கி, மேல் குறுக்குக் கட்டையை அதன்மேல் உட்கார வையுங்கள். ஓட்டை போடுவதற்கு முன் ஸ்விட்ச் போர்டிலிருந்து வயர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓதம் ஏறும் சுவரில் மாட்ட வேண்டாம். ராக்வூல் ஈரத்தால் கெடாவிட்டாலும் துணியும் மரமும் பூஞ்சை பிடிக்கும். சுழலும் ஃபேனுக்கு மேலே கூரையில் தொங்கவிடும் யோசனையும் வேண்டாம். ராக்வூல் எரியாது, சேலை எரியும். விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் கூடாது.

மாட்டுவதற்கு முன் ஒரு பத்தியைப் போனில் வாசித்துப் பதிந்து வையுங்கள், மாட்டிய பிறகு அதே பத்தி, அதே இடம், அதே தூரம். ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வாக்கியம் முடியும் இடத்தில் வித்தியாசம் தெரியும். அப்படியும் ஏதோ ஒரு ஸ்வரத்தில் 'ஙொய்' என்று கேட்டால் அறையில் இரும்பு பீரோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தகடு சேர்ந்து பாடும். கதவைத் திறந்து உள்ளே அடுக்கிய சேலைகள் தெரியும்படி விட்டால் அதுவும் ஓர் உறிஞ்சு பலகைதான்.

என் வீட்டுக்காரர் பொருளாதாரப் பாடம் வாசிப்பார். அவர் கட்டைக் குரலுக்கு இந்தப் பலகைகள் போதவில்லை, மூலையில் 'பூம்' என்று தேங்கியது. அதற்கு இரண்டு ஸ்லாபை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்தங்குலச் சட்டத்தில் இரண்டு பலகை செய்து, அவர் உட்காரும் பக்கத்து மூலையில் சுவருக்குச் சுவர் குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினோம். கீழ் ஸ்தாயி மூலையில்தான் சேரும், பின்னால் முக்கோணமாகக் காற்று இடைவெளியும் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஓரங்களை வெட்டியதில் விழுந்த ராக்வூல் துண்டுகளைக் கோணிப்பையில் கட்டி அந்த முக்கோணத்துக்குள்ளேயே திணித்தாயிற்று.